சம்பலில் சீனி

ரப்பர் குடியிருப்பு, கட்சால் தீவு, நிக்கோபார்.
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட மத்தியானம்.

என்னைப் பெறாமல் வளர்த்த அக்கா அங்கம்மாவுக்குத் தம்பி வெள்ளைச்சாமி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான், அமிர்தவல்லி, மகன் நாகராஜ், மருமகள், பேத்தி திவ்யா எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறோம். என் வயிறு மட்டும் வெளிநாட்டுக்குப் போய்விட்டு இன்னும் திரும்பி வரவில்லை. அங்கே நீயும் மச்சானும் பிள்ளைகுட்டிகளும் உன் முழங்கால் வலியும் எப்படி என்று எழுதவும். இந்தக் கடிதம் தபாலில் வராது. திவ்யா இதைப் போட்டோ எடுத்து, கப்பல் நிற்கிற ஜெட்டிப் பக்கம் நெட் கிடைக்கிற நேரம் பார்த்து உன் பேரன் அஸ்வினுக்கு அனுப்புவாள், அவன் உனக்கு வாசித்துக் காட்டுவான். அஸ்வின் தம்பி, பாட்டிக்குக் காது மந்தம், சத்தமாக வாசி. எழுதியிருப்பதை மட்டும் வாசி, உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே.

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நீ "ஆ?" என்கிறாய், நான் "ஆ?" என்கிறேன், அதற்குள் லைன் போய்விடுகிறது. வீடியோவில் உன் முகம் வந்தால் பாதி முகம் வருகிறது, மீதி கட்டம் கட்டமாக நிற்கிறது. போன தடவை லைன் அறுவதற்கு முன்னால் நீ சொன்னது ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடா சாமி" என்றாய். வருவேனா மாட்டேனா என்று உனக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதிலை இப்போதே சொன்னால் நீ மீதியைக் கேட்க மாட்டாய், அதனால் கடைசியில் சொல்கிறேன். அஸ்வின், தாண்டிப் போய்ப் பார்க்காதே.

நீ கேட்டதை நாகராஜ் காதில் வாங்கிக்கொண்டான். அவன் உடனே, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுவோம், அதற்குப் போர்ட்பிளேர் போகவேண்டும், போகிறதுதான் போகிறோம், குடும்பத்தோடு போய் ரெண்டு மூணு நாள் ஊர் சுற்றிவிட்டு வரலாம் என்றான். போர்ட்பிளேருக்கு இப்போது பேரை மாற்றிவிட்டார்கள் அக்கா. புதுப் பேர் எனக்கு இன்னும் வாயில் நிற்கவில்லை. நாம் பிறந்த நாட்டுக்கே பேரை மாற்றினார்கள், அதுவும் எனக்கு நிற்கவில்லை, நான் இன்னும் சிலோன் என்றுதான் சொல்கிறேன், திவ்யா சிரிக்கிறாள். பேர் மாறினால் என்ன, ஜெட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது. கப்பலில் ஏறியதும் மருமகளுக்கு வாந்தி, அமிர்தவல்லிக்குப் புளிச்சோறு, எனக்கு மேல்தட்டில் ஓர் ஓரம், இப்படி ஆளுக்கு ஒன்றாகக் கிடைத்து ஊர் போய்ச் சேர்ந்தோம்.

பாஸ்போர்ட் ஆபீசில் இருந்த அம்மா நல்ல அம்மா. பிறந்த இடம் எது என்று ஹிந்தியில் கேட்டார், சிலோன் என்றேன். சொந்த ஊர் எது என்றார், எங்கள் தாத்தாவோடது ராமநாதபுரம் பக்கம் என்றேன், நான் பார்த்ததில்லை. இருப்பது எங்கே என்றார், நிக்கோபார் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "தோ ஆப் ஹைங் கஹாங் கே?" என்று கேட்டார், அப்படியானால் நீங்கள் எந்த ஊர்தான் என்று. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் யோசித்துப் பார்த்துவிட்டு, "ரப்பர் தோட்டம் ஜி" என்றேன். சிலோனில் இருந்தபோது நம்மை இந்தியாக்காரன் என்றார்கள், இந்தியாவுக்கு வந்தால் சிலோன்காரன் என்றார்கள், இந்தத் தீவுக்கு வந்தால் மதராசி என்கிறார்கள். ரப்பர் மரம் ஒன்றுதான் இதுவரை என்னை எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டு வேலையை முடித்துக்கொடுத்தார், பாஸ்போர்ட் வீட்டுக்கே வந்துவிடும் என்றார்.

அதைக் கொண்டாட வேண்டும் என்று திவ்யா ஒரே பிடிவாதம். மரைன் ஹில்லில் புதிதாக ஒரு ஓட்டல் வந்திருக்கிறதாம், அங்கே ஏழு நாட்டுச் சாப்பாடு கிடைக்குமாம். நான் சொன்னேன், அம்மாடி, நான் ஒரு நாட்டுச் சாப்பாட்டுக்கே திண்டாடினவன், கடலோரமாக ஒரு பெங்காலி கடையில் மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டுப் போவோம் என்று. அவள் கேட்கவில்லை. "சிலோன் போகப் போறீங்கல்ல தாத்தா, வெளிநாட்டுச் சாப்பாடு பழகிக்கிட வேணாமா?" என்றாள். சிலோன் சாப்பாட்டை எனக்குப் பழக்கிவிட இவளுக்கு இன்னொரு ஜென்மம் வேண்டும், ஆனாலும் பேத்தி கேட்டால் என்ன செய்வது, மலையேறினோம்.

உள்ளே போனால் ஒரே குளிர். மெனு என்று ஒரு பலகையைக் கையில் கொடுத்தார்கள், சோறு பிசைந்து சாப்பிடுகிற அளவுக்கு அகலம். மருமகள் இத்தாலிக்குப் போனாள், பீட்சா வந்தது. மேலே வெள்ளையாக ஒன்றை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள் அக்கா, ஒரு துண்டை எடுத்தால் அது மேசைக்கும் வாய்க்குமாக இழுபடுகிறது. நான் முப்பத்தைந்து வருஷம் ரப்பர் பால் வெட்டினவன், கை சும்மா இருக்குமா, கொஞ்சம் கிள்ளி விரலில் உருட்டி இழுத்துப் பார்த்து, பரவாயில்லை, இது நல்ல தரம், ஷீட் அடிக்கலாம் என்றேன். மருமகள் அதற்கப்புறம் அதைச் சாப்பிடவில்லை. நாகராஜ் ஜப்பானுக்குப் போனான், வந்த மீன் பச்சையாகவே இருந்தது. அதைத் தூக்க ரெண்டு குச்சி கொடுத்தார்கள். அவன் தூக்கிய தூக்கில் மீன் பக்கத்து மேசைக்குப் போய் விழுந்தது, செத்த பிறகும் அதற்கு அவ்வளவு துள்ளல். அமிர்தவல்லி எந்த நாட்டுக்கும் போகாமல் கைப்பையைத் திறந்து ஊறுகாயை எடுத்தாள், வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வந்தது நூடுல்ஸ். ஒரு வாய் வைத்தேன், உப்பில்லை, உறைப்பில்லை. பரிமாற வந்தவரைக் கூப்பிட்டுக் கொஞ்சம் கொச்சிக்காய் கிடைக்குமா என்று கேட்டேன். ஐம்பது வருஷமாக இந்த நாட்டில் மிளகாய், மிர்ச்சி என்று சொல்லிப் பழகிவிட்டேன். எப்படியோ அன்றைக்கு நம் சிலோன் லயத்து வார்த்தை வாயில் வந்துவிட்டது, பாஸ்போர்ட் ஆபீசில் சிலோன் சிலோன் என்று சொன்ன தோஷமாக இருக்கும். அந்த மனுஷருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கொச்சி காய்? உண்டு உண்டு" என்று ஓடிப்போய் ஒரு பெரிய தட்டு நிறைய வாழைக்காய் வறுவல் கொண்டுவந்து வைத்தார். அவர் மலையாளி அக்கா. அவர்கள் பாஷையில் காய் என்றால் வாழைக்காயாம், கொச்சி அவருடைய மாமியார் ஊராம். என் பெஞ்சாதி கொடுத்தனுப்பியது, மெனுவில் கிடையாது, உங்களுக்காகக் கொடுக்கிறேன் என்றார். அதற்குமேல் நான் எப்படி மிளகாய் கேட்பேன். நூடுல்சுக்கு வாழைக்காய் வறுவலைத் தொட்டுத் தின்றேன்.

அப்போதுதான் திவ்யா மெனுவை வாசித்துக்கொண்டே வந்தவள், "தாத்தா, இங்க சம்பல்னு ஒண்ணு போட்டிருக்கு" என்றாள். சரியாகப் பார், சாம்பார் என்று இருக்கும் என்றேன். எழுத்துக் கூட்டிக் காட்டினாள், சம்பல்தான். இந்த நாட்டுக்கு வந்தபின் அந்த வார்த்தையை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. அமிர்தவல்லியும் நானும் வீட்டுக்குள் சொல்லிக்கொள்வோம், அவளும் நம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தானே, ஆனால் அவள் இடிப்பது அவளுடைய அம்மா பக்குவம். நம் வீட்டுச் சம்பல் எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பலுக்குப் போகிற அன்றைக்கு விடியலில் நீ எழுந்து, கொச்சிக்காயையும் சின்ன வெங்காயத்தையும் மாசிக் கருவாட்டையும் அம்மியில் வைத்துக் குழவியால் இடித்து, தேங்காய் ரொட்டியோடு வாழை இலையில் கட்டி என் மடியில் வைத்தாய். ரெண்டு அரசாங்கமும் நம் சனத்தைப் பங்கு பிரித்தபோது எங்களுக்கு இந்தியா என்று எழுதிவிட்டார்கள், கல்யாணம் கட்டிக்கொடுத்த பாவத்துக்கு உனக்கு மட்டும் சிலோன் என்று எழுதிவிட்டார்கள். கப்பல் துறைக்குப் போகிற ரயிலில் அதைப் பிரித்துத் தின்றேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அப்பா என்னடா என்றார், அக்கா கொச்சிக்காயைக் கூட்டிவிட்டாள் என்றேன். அப்பாவும் ஒரு விள்ளல் வாங்கித் தின்றுவிட்டு, ஆமா, கூடித்தான் போச்சு என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகவே அந்த ஓட்டலில் சம்பல் போடுகிறவன் நம் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. அப்பா வேண்டாம் அப்பா என்று நாகராஜ் சட்டையைப் பிடிக்கப் பிடிக்க எழுந்து நேரே குசினிக்குள் போனேன். அங்கே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு ஒருத்தர் வதக்கிக்கொண்டிருந்தார், பேர் ராபின், நல்ல தமிழ் பேசுகிறார். நாம் எந்த மூலையில் சந்தித்தாலும் முதலில் கேட்கிற கேள்வியைத்தானே நான் கேட்பேன், தம்பிக்கு எந்தத் தோட்டம் என்று கேட்டேன். பெரார்கஞ்ச் பக்கம் ஐயா, எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டார். அது போர்ட்பிளேருக்கு அந்தப் பக்கம், நம் சனத்தை அங்கேயும் கொண்டுபோய் வைத்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்தில் எந்தப் பிரிவு, மேல் கணக்கா கீழ்க் கணக்கா என்றேன். "நம்மது மேலதான், ரோட்டுக்கு மேல" என்றார். எப்போது வந்தீர்கள் என்றேன், தாத்தா காலத்தில் கப்பலில் வந்தோம் என்றார். சம்பல் யார் சொல்லிக்கொடுத்தது என்றேன், அந்த ஊர்க்காரர் ஒருத்தர் என்றார். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும், கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவரும் கரண்டியோடு கட்டிப் பிடித்துக்கொண்டார். என் சட்டையில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது.

மேசைக்குத் திரும்பிவந்து எல்லாரையும் அதட்டி உட்காரவைத்தேன், நம்ம பையன், நம்ம சம்பல், சாப்பிட்டுப் பாருங்கள் என்று. ராபின் தானே ஒரு கல் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல சிவப்பு. மணம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது, மாசி பழசாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விரலால் வழித்து நாக்கில் வைத்தேன்.

சீனி அக்கா. சம்பலில் சீனி போட்டிருந்தான்.

நான் கத்திவிட்டேன் என்று நாகராஜ் சொல்கிறான், எனக்கு ஞாபகமில்லை. இது சம்பல் இல்லை என்றுதான் சொன்னேன். ராபின் முகம் வாடிவிட்டது. சீனி இல்லை ஐயா, பனைவெல்லம், கூட இறால் பொடி, ஜாவாக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள், நான் சரக்குக் கப்பலில் சமையலுக்கு இருந்தபோது அந்த ஊர் அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார் என்றார். ஜாவாவா, அப்படியானால் உன் தோட்டம் என்றேன். பாக்குத் தோட்டம் என்றார். அவர் தாத்தா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன் பிடிக்க வந்து, அப்புறம் பெரார்கஞ்சில் பாக்கு வைத்தாராம். அதோடு விட்டாரா, "கோவிச்சுக்கிடாதிய ஐயா, பேரே அவங்க பேருதான். நீங்க சின்னப் பிள்ளைல சாப்பிட்டதுதான் அதப் பாத்து அடிச்ச காப்பி" என்று வேறு சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்றேன். அவர் சொன்னது நியாயமாகவும் இருக்கலாம். கணக்குப் பார்த்தால் எங்கள் கட்சாலுக்குப் போர்ட்பிளேரைவிட அந்த ஜாவாக்காரர்களின் இந்தோனேசியாதான் கிட்ட. உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திவ்யா, "காரமா தாத்தா?" என்று கேட்டாள். ஆமா, கொச்சிக்காய் கூடிப்போச்சு என்றேன். அந்தச் சம்பல் வெல்லப்பாகு மாதிரி இனிக்கிறது, எல்லாரும் தின்று பார்த்துவிட்டார்கள். அமிர்தவல்லி தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள்.

இதைத்தான் அக்கா, கப்பலில் திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பேர் அதேதான், நிறம் அதேதான், நாக்கில் வைத்தால் வேறு. உன் போட்டோ ஒன்றே ஒன்று என்னிடம் இருந்தது, கல்யாணத்தன்றைக்கு எடுத்தது, அதைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு நாங்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தோம், எத்தனையோ பேர் பிழைக்கவில்லை, அந்தத் துக்கத்தில் ஒரு போட்டோவுக்காக அழ எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் உன் முகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிட்டது. இப்போது கண்ணை மூடினால் உன் கை தெரிகிறது, அம்மிக்கல் தெரிகிறது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் போனில் வருகிற கட்டம்தான் தெரிகிறது. நான் அங்கே வந்து இறங்கி, ஒரு கிழவி என் முன்னால் வந்து நின்று, நான்தாண்டா அங்கம்மா என்று சொல்லி, அந்தச் சம்பலைச் சொன்ன மாதிரி உன்னையும் நான் இது இல்லை என்று மனசுக்குள் சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? உனக்கும் அப்படித்தானே? நீ அனுப்பியது ரயில் ஜன்னலில் மூக்கு ஒழுகினவனை, வந்து நிற்கப்போவது வழுக்கைத்தலையும் பல்செட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஆகவே, பாஸ்போர்ட் வந்தாலும் நான் வருவதாக இல்லை. வெளிநாட்டுச் சாப்பாடு என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஊரில் சொல்லிக்கொள். நீ என்னை மன்னிக்க வேண்டாம், திட்டினால் போதும், திட்டுகிற குரல் மட்டும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மச்சானுக்கு என் வணக்கம். மழையில் நனைந்துகொண்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போகவேண்டாம் என்று சொல். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. மாரியம்மன் உன் முழங்காலுக்கு ஒரு வழி காட்டட்டும். இங்கே கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்கிறேன், நட்சத்திரம் தெரியாததால் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று பூசாரியிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நீ கட்டிக்கொடுத்ததைத் தின்று இதுவரை வந்துவிட்ட
தம்பி வெள்ளைச்சாமி.

பி.கு. மேலே எழுதியிருப்பது எதுவும் செல்லாது. திவ்யா போட்டோ எடுக்கப் போனவள், போட்டோ எடுக்காமல் அடுப்படியில் உட்கார்ந்து அமிர்தவல்லிக்கு முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டிவிட்டாள். அமிர்தவல்லி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசி மீன் வரை கழுவி முடித்தாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்று கேட்டாள்.

"அந்தச் சம்பல் நம்ம சம்பல் இல்லேன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

நாக்கில் வைத்ததும் தெரிந்தது என்றேன்.

"அம்பது வருசத்துக்கு முந்தி ஒரு நாள் ரயில்ல தின்னது. அத நாக்கு மறக்கல. வளத்தவள மட்டும் கண்ணு மறந்துருமா? போயி அண்ணியப் பாத்துட்டு வாங்க."

சரி, போகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாகராஜ் சென்னை வழியாகக் கொழும்புக்குச் சீட்டு பார்க்கிறான், அமிர்தவல்லியும் வருகிறாள். வாழைக்காய் வறுவல் கொண்டுவருகிறேன், அதுதான் இந்த நாட்டுக் கொச்சிக்காய். ராபினும் அப்போதே சமாதானமாகி, நாங்கள் திரும்பக் கப்பலேறின அன்றைக்கு ஜெட்டிவரை வந்து அவர் சம்பலில் ஒரு போத்தல் கொடுத்தார், உங்கள் அக்காவிடம் கொடுங்கள், எது காப்பி என்று அவர்களே சொல்லட்டும் என்று. அதையும் கொண்டுவருகிறேன். நீ யோசித்து நல்ல தீர்ப்பாகச் சொல்லு, அந்த மனுஷர் பாவம்.

ஏர்போர்ட்டில் என் பேரை அட்டையில் எழுதிப் பிடிக்க வேண்டாம். அன்றைக்குக் கட்டின மாதிரியே இடித்து இலையில் கட்டிக்கொண்டு வந்து, பொட்டலத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நில், நான் வந்து சேர்ந்துவிடுவேன். கண்ணில் தண்ணீர் வந்தால் கொச்சிக்காய் கூடிப்போச்சு என்று ரெண்டு பேரும் அஸ்வினிடம் சொல்லிவிடுவோம்.

அஸ்வின் தம்பி, இதற்கு முந்தின வரியைப் பாட்டிக்கு மட்டும் வாசி, நீ கேட்காதே.